ஆங்கிலத்தில் கடிபடுவது எப்படி?

தேவையானவை: செய்து முடித்த தப்பு ஒன்று (ஆறிப்போனதாக இருந்தால் உத்தமம், சுடச்சுட இருக்கும் தப்பு இதற்கு உதவாது). நல்ல பல்வரிசை ஒன்று. ஊசி ஒன்று. ஆட்டுக்கல் ஒன்று, குழவியோடு. ராத்திரி ஒன்றரை மணி. அகராதி கைவசம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்காதீர்கள்; அவர்களிடம் வாங்கித் திருப்பித் தராத சாமான் ஒன்றிரண்டு ஏற்கெனவே உங்கள் பரணில் இருக்கும், அதை வைத்தே ஆரம்பிக்கலாம்.

பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். தமிழில் வருந்த இவ்வளவு தளவாடம் கிடையாது. மனசு தானாக உறுத்தும், நாமும் தானாகப் பேச்சை மாற்றிவிடுவோம். ஆங்கிலத்தில் முறைப்படி வருந்த வேண்டுமென்றால் கொஞ்சம் உடம்பைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த மொழியின் வருத்தச் சொற்களைத் தோலுரித்துப் பார்த்தால் உள்ளே காயமாகவே கிடக்கிறது. ரிமோர்ஸ் என்றால் கடி. கம்பங்க்ஷன் என்றால் குத்து. கன்ட்ரிஷன் என்றால் அரைபடுவது. பேருந்தில் காலை மிதித்துவிட்டு நாம் வீசிவிட்டுப் போகும் ‘சாரி’கூட, அடியில் புண்தான். ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்போம்.

முதலில் சாப்பிடுங்கள்

ரிமோர்ஸ் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் குடியேறிய சொல். ‘மோர்டேரே’ என்றால் கடிப்பது. முன்னால் நிற்கும் ‘ரெ’ என்றால் திரும்ப. ஆக, திரும்பக் கடிப்பது. ‘மார்சல்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, ஒரு வாய் உணவு, நம்முடைய கவளம், அது இதற்கு உடன்பிறப்பு. ஒரே பல்லில் பிறந்த இரண்டு பிள்ளைகள்: மூத்தது நீங்கள் கடித்தது, இளையது உங்களைக் கடிப்பது.

எனவே வரிசை முக்கியம். முதலில் நீங்கள் கடிக்க வேண்டும். நிதானமாக, ருசித்து, வாயைத் துடைத்துக்கொண்டு மறந்துவிட வேண்டும். தப்பு செய்யும்போதே கை நடுங்குகிறவர்களுக்கு இந்தச் செய்முறை பலிக்காது. அவர்களுக்கு வருவது வெறும் பயம். மறதி நன்றாக ஊறினால்தான் அந்த ‘ரெ’ வேலை செய்யும்.

என் கவளத்தையே சொல்கிறேன். எனக்கு 22 வயது. அம்மா ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். கொல்லையில் பழைய ஆட்டுக்கல் ஒன்று கிடந்தது. வீட்டுக்கு கிரைண்டர் வந்ததிலிருந்து அதன் குழிக்குள் மழைத்தண்ணீரும் வேப்பம்பழமும்தான். பழைய கல் சாமான் வாங்குகிறவர் ஒருவர் மூன்று சக்கர வண்டியோடு தெருவில் வந்தார். ஏதோ சொகுசு விடுதிக்காம். குழியில் தண்ணீர் ஊற்றி அல்லி மிதக்க விடுவார்களாம். அதனால் குழவி வேண்டாம், கல் மட்டும் போதும் என்றார். 150 ரூபாய். தூக்க முடியாமல் இரண்டு பேராக உருட்டிக்கொண்டு போனோம். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது கையில் தட்டியது; குழவியைச் சுற்றும்போது மாவைத் தள்ளிவிடும் இடது கை உரசி உரசி அப்படி ஆனது என்பது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் சிநேகிதனோடு பிரியாணி சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

அம்மா வந்தாள். கல் இருந்த இடத்தில் மண் வட்டமாக, வெளுத்து, இரண்டு மரவட்டையோடு கிடந்தது. “கல் எங்கடா?” என்றாள். சொன்னேன். “சரி, விடு” என்று உள்ளே போய்ப் புடவை மடிக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான். கடிக்கவே இல்லை. அடுத்த பதினோரு வருஷம் எனக்கு அதன் ஞாபகமே வரவில்லை. செய்முறையின் முதல் கட்டத்தை நான் பிசகில்லாமல் முடித்திருந்தேன்.

சொந்தமாகக் கடி தயாரிக்க முயன்றவர்

இறக்குமதிக் கடி வேண்டாம், உள்ளூர்ச் சரக்கிலேயே செய்துகொள்கிறேன் என்பவர்களுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. கான்டர்பரி நகரத்துப் புனித அகஸ்டின் மடத்துத் துறவி, நார்த்கேட் மைக்கேல். பிரெஞ்சு மன்னர் மூன்றாம் பிலிப்புக்காக லோரான் என்ற டொமினிக்கன் துறவி 1279இல் தொகுத்த நல்லொழுக்க நூல் ஒன்றை இவர் தம் வட்டாரமான கென்ட் பேச்சில் மொழிபெயர்த்தார். முடித்த நாளைக்கூட எழுதி வைத்திருக்கிறார்: 1340, சீமோன், யூதா என்ற அப்போஸ்தலர்களின் திருநாளுக்கு முந்தின தினம், அதாவது அக்டோபர் 27. யாருக்காக எழுதினார் என்றும் சொல்கிறார்: அப்பன், ஆத்தாள், மற்ற சொந்தபந்தம், இவர்கள் பாவத்தில் விழாமலிருக்க. லத்தீன் தெரியாத குடும்பத்துக்குக் கடிபட வழி காட்டிய புண்ணியவான்.

தலைப்பில்தான் அவர் கைத்திறமை. ‘ரெ’ இருந்த இடத்தில் ‘அயென்’ என்று போட்டார்; அது இன்றைய ‘அகெய்ன்’. ‘மோர்ஸ்’ இருந்த இடத்தில் ‘பைட்’. மனசாட்சிக்கு உள்ளூரில் ஏற்கெனவே ‘இன்விட்’, உள்ளறிவு என்ற சொல் இருந்தது. மூன்றையும் கோத்து ‘அயென்பைட் ஆஃப் இன்விட்’ என்று பெயர் வைத்தார். உள்ளறிவின் மறுகடி. துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்குத் துண்டு மாற்றிப் பொருத்தும் இந்த வேலை நமக்குப் பழக்கமானதுதான். காரை மகிழுந்து ஆக்கிய கைகள் அந்தத் துறவியைக் கண்டால் தழுவிக்கொள்ளும்.

மகிழுந்துக்கு ஆனதே மறுகடிக்கும் ஆயிற்று. ஊர் அதில் ஏறவில்லை; பிரெஞ்சுச் சரக்கான ரிமோர்ஸ்தான் நின்றது. மைக்கேலின் மொழிபெயர்ப்பு பிழைகளுக்குப் பேர்போனது என்று அறிஞர்கள் இன்றுவரை அடித்துச் சொல்கிறார்கள். மிஞ்சியிருப்பது ஒரே பிரதி, அவர் கையாலேயே எழுதியது. பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பாவத்திலிருந்து சொந்தக்காரர்களைக் காப்பாற்ற எழுதிய புத்தகம், மொழிபெயர்ப்புப் பாவத்துக்கு உதாரணமாக நிற்கிறது. நானும் மொழிபெயர்ப்பு வேலையில் பிழைக்கிறவன். இந்த இடத்தில் கொஞ்சம் வேகமாகக் கடந்துபோகிறேன்.

ஆனால் தொழில் சுத்தமில்லாதவன் செய்த சொல்லுக்கும் ஒரு நாள் வந்தது. 1922இல் வெளியான ‘யுலிஸஸ்’ நாவலில் ஜேம்ஸ் ஜாய்ஸ் இதைத் தோண்டியெடுத்து, எழுத்தைச் சற்று மாற்றி, ஸ்டீபன் டெடலஸ் மனசுக்குள் போட்டார். சாகக் கிடந்த அம்மா மண்டியிட்டு ஜெபம் செய்யச் சொன்னாள். ஸ்டீபன் மாட்டேன் என்றுவிட்டான். அவன் சுற்றும் டப்ளின் தெருக்களில் அந்த வார்த்தை கூடவே வருகிறது. ரிமோர்ஸ் என்ற சொல் புழங்கிப் புழங்கிப் பல் மழுங்கிவிட்டது, புதுப் பல் தேவைப்பட்டது என்று நான் நினைக்கிறேன். கடியைக் கடி என்று பச்சையாகச் சொன்னால்தான் அந்தப் பையனுக்கு வலிக்கும்.

சாயம் நிற்கிறதா என்று பாருங்கள்

இந்தக் கடிக்குடும்பத்தில் இன்னொரு பிள்ளை ‘மார்டன்ட்’. சாயத் தொழிலில் படிகாரம் போடுவார்களே, அதற்குப் பெயர். துணியைச் சாயம் கவ்விப் பிடிக்க வைப்பதால் கடிப்பான் என்று ஆயிற்று. படிகாரம் இல்லாமல் முக்கிய துணி முதல் சலவையிலேயே பல்லிளிக்கும். சோதனை சுலபம். வருத்தம் தெரிவித்த ஆளை ஒரு தடவை அலசிப் பாருங்கள். “வருத்தம்தான், ஆனா நீங்களும் அன்னிக்கு…” என்று தண்ணீர் கலங்கினால் படிகாரம் போடவில்லை என்று அர்த்தம். சாயம் வெளுத்துப்போச்சு என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஊசி

கடி பெரிது, நேரம் இல்லை என்பவர்களுக்குக் கம்பங்க்ஷன். ‘புங்கேரே’ என்றால் குத்துவது. பஞ்சர் ஆன டயரும், வாக்கியத்துக்கு வைக்கும் புள்ளியும், சொன்ன நேரத்துக்கு வருகிற பங்க்சுவல் ஆசாமியும் இதே ஊசியின் வம்சம். அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுருவின் பேச்சைக் கேட்ட கூட்டத்துக்கு நெஞ்சில் குத்தியதாக வரும். லத்தீன் விவிலியத்தில் அந்த இடத்தில் இருப்பது இந்த வினைச்சொல்தான். தமிழ் மொழிபெயர்ப்பிலும் குத்து அப்படியே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. இன்றைய ஆங்கிலத்தில் கம்பங்க்ஷனை உண்டு என்று சொல்வோர் அபூர்வம். “கொஞ்சமும் கம்பங்க்ஷன் இல்லாமல் செய்தான்” என்று இல்லையென்று சொல்லவே அதை எடுக்கிறார்கள். விருந்தாளிக்குக் காட்டுவதற்கென்று வைத்திருக்கும் காலி டப்பா மாதிரி. ‘ரூத்லெஸ்’ இன்னும் மோசம். இரக்கமில்லாதவனைக் குறிக்க அந்தச் சொல் நன்றாக வாழ்கிறது, இரக்கத்தைக் குறித்த ‘ரூத்’ என்றோ போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த ரூத்துக்குத் தாய்ச்சொல் ‘ரூ’, வருந்துவது. அதே உச்சரிப்பில் ஒரு கசப்பு மூலிகையும் உண்டு. இரண்டுக்கும் ரத்த சம்பந்தம் இல்லை, ஒலி ஒற்றுமைதான். ‘ஹாம்லெட்’டில் ஒஃபீலியா அந்தச் செடியைப் பங்கு வைக்கும்போது ஷேக்ஸ்பியர் இரண்டையும் முடிச்சுப் போட்டார். நம் நாட்டு மருந்துக் கடையில் அருவதா என்று கேட்டால் அதைத்தான் கொடுப்பார்கள். வருத்தம் தீர உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஷேக்ஸ்பியர் காலத்தில் ரிமோர்ஸ் என்பதற்கு இரக்கம் என்ற பொருளும் இருந்தது. இன்றும் ‘ரிமோர்ஸ்லெஸ்’ என்றால் ஈவிரக்கமற்ற என்றுதான் முதலில் தோன்றும். இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதே என்று பார்த்தால், நம் பச்சாதாபம். வடமொழியில் ‘பஸ்சாத் தாபம்’, பிற்பாடு வருகிற சூடு. அவர்களுக்குப் பின்னால் வந்து கடிக்கிறது, நமக்குப் பின்னால் வந்து சுடுகிறது. தெருவில் இன்று “பச்சாதாபப்பட்டு அஞ்சு ரூபா கொடுத்தேன்” என்றால் அது இரக்கம். தன் தப்புக்காகச் சுட்ட நெருப்பு அடுத்தவன் மேல் இரக்கமாக மாறிய பாதை இரண்டு மொழியிலும் ஒன்றுபோல் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கழிவிரக்கம்தான் தலைகீழாகப் போனது. கழிந்துபோனதற்கு இரங்குவது என்ற நல்ல சொல்லை, தன்மேலேயே இரக்கப்படுவது என்று நாம் ஆக்கிவிட்டோம். கடிபட்ட கணத்திலேயே “ஐயோ பாவம் நான்” என்று கடிவாயைத் தடவிக்கொள்கிறவர்கள் பெருத்துவிட்டதால் சொல்லும் அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கும்.

அரைத்தல்

கன்ட்ரிஷன் கனமான வேலை. ‘தெரேரே’ என்றால் தேய்ப்பது, அரைப்பது. கத்தோலிக்க இறையியலில் இதற்கு நைசு, கொரகொரப்பு என்று பதமே உண்டு. கடவுள் மீதுள்ள அன்பால் நெஞ்சு மாவாகிப்போனால் அது கன்ட்ரிஷன். நரகத்துக்குப் பயந்து அரைகுறையாக அரைபட்டால் அட்ரிஷன். 1551இல் திரெந்துப் பொதுச்சங்கம் இந்த அட்ரிஷனைக் குறையுள்ள மனஸ்தாபம் என்றது. ஆனாலும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆளைத் தயார்ப்படுத்த அது உதவும் என்று தட்டாமல் ஏற்றுக்கொண்டது.

அட்ரிஷன்? எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் நிமிர்ந்திருப்பார்கள். மனிதவளத்துறைக்காரர் காலாண்டுக்கு ஒரு முறை பெருமூச்சோடு சொல்லும் அட்ரிஷன் ரேட் இதே சொல்தான். நரக பயத்தில் தேய்ந்தவர்களின் கணக்கு என்று வைத்துக்கொண்டால் பழைய அர்த்தமும் கெடாது.

ஒரு எச்சரிக்கை. அளவுக்கு மீறித் தேய்த்தால் ‘ட்ரைட்’ ஆகிவிடும். தேய்ந்து சப்பென்று போன பேச்சுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர், அதுவும் இதே அரைகல்லில் பிறந்தது. தொலைக்காட்சிப் பெட்டியில் படம் நின்றுபோகும் போதெல்லாம் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று அட்டை வருமே, அதில் யாராவது வருந்தியதாக உங்களுக்குத் தோன்றியதுண்டா? நாங்கள் அந்த நேரத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவோம்.

‘சாரி’யும் அப்படித் தேய்ந்ததுதான். அது ‘ஸார்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லில் பிறந்தது. புண், நோவு என்று பொருள். துக்கத்தைக் குறிக்கும் ‘ஸாரோ’வோடு அதற்கு உறவே இல்லை, முகஜாடை மட்டும்தான். ஜெர்மன்காரர்களிடம் அதே புண் இன்னும் தேய்ந்து ‘ஸேர்’ ஆகி, ‘மிகவும்’ என்ற அர்த்தத்தோடு திரிகிறது. வலி கடைசியில் வெறும் அழுத்தக்குறியாகிவிட்டது.

கடிபடாமல் தப்பிக்க விரும்புகிறவர்களுக்கு

‘அப்பாலஜி’ என்ற வசதி இருக்கிறது. கிரேக்கத்தில் ‘அபொலோகியா’ என்றால் தற்காப்பு வாதம். கி.மு. 399இல் ஏதென்ஸில் எழுபது வயது சாக்ரடீஸ் பேசியதாகப் பிளேட்டோ எழுதியிருப்பது அந்தப் பெயரில்தான் வழங்குகிறது. அதில் மன்னிப்புக் கேட்கும் ஒரு வாக்கியத்தைத் தேடினால் கிடைக்காது. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு உமக்கு என்ன தண்டனை தரலாம் என்று கேட்டதற்கு, ஊர்ச் செலவில் எனக்குச் சாப்பாடு போடுங்கள் என்றார். வருத்தம் கேட்டு வந்த நடுவர்கள் விஷம் கொடுத்து அனுப்பினார்கள்.

சட்டத்துக்கு இந்தப் பழைய அர்த்தம் மறக்கவில்லை போலும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு, மன்னிப்புக் கேட்டதை மட்டுமே வைத்துக் கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக எடுக்கக் கூடாது என்கிறது. வக்கீல் பக்கத்தில் நின்று வாயைப் பொத்தாமல் ‘சாரி’ சொல்ல ஒரு ஏற்பாடு. குற்ற வழக்கிலோ கணக்கு வேறு: உண்மையான ரிமோர்ஸ் தெரிந்தால் தண்டனையைக் குறைக்கலாம் என்று அங்கே நீதிபதிகளுக்கான வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. கடிபட்டதா இல்லையா என்று கூண்டில் நிற்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வேலை அவர்களுக்கு. நான் மாட்டேன்.

என்ன செய்தும் கடி வரவில்லையென்றால் கட்டடம் கட்டிப் பார்க்கலாம். கட்டியிருக்கிறார்கள். 1829இல் பிலடெல்பியாவில் ஈஸ்டர்ன் ஸ்டேட் பெனிடென்ஷியரி திறக்கப்பட்டது. பெயரே மனம்வருந்தும் இடம் என்றுதான் பொருள்படும். குவேக்கர்களின் யோசனை. ஒரு ஆளுக்கு ஒரு அறை, கூரையில் சின்னதாக ஒரு வெளிச்சத் துவாரம், கையில் விவிலியம், பேச்சில்லை. வெளியே அழைத்துப் போகும்போது முகத்தை மறைத்து முகமூடி. தனிமையில் ஊறப்போட்டால் மனசாட்சி தானே பல் முளைத்து வரும் என்று நல்ல எண்ணத்தோடு செய்தார்கள். 1842இல் சார்லஸ் டிக்கன்ஸ் வந்து பார்த்துவிட்டு, மூளையை இப்படி மெல்ல மெல்லக் குடைவது உடம்பை வதைப்பதைவிடக் கொடுமை என்று எழுதினார். கடித்தது மனசாட்சி இல்லை, சுவர். அந்தச் சிறை 1971இல் மூடப்பட்டு, இப்போது டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கிற இடமாக இருக்கிறது.

கடைசிக் கட்டம்

எனக்குக் கடி விழுந்தது ஒரு மொழிபெயர்ப்பு வேலையின் நடுவில். கன்ட்ரிஷனுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருந்தேன், மணி ஒன்றரை. அரைத்தல், தேய்த்தல் என்று மூலத்தைப் படித்த கணத்தில், உள்ளங்கையில் அந்த வழவழ விளிம்பு தட்டியது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் உருட்டிவிட்ட கல். எத்தனை வருஷத்து மாவு, எத்தனை விடியல், யார் யார் கை என்று அப்போதுதான் வரிசையாக வந்தது. பிரியாணி நல்ல பிரியாணி என்பதும் ஞாபகம் வந்தது. அதுதான் மோசமாகக் கடித்தது.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது, சம்பந்தப்பட்டவருக்குப் போன் போடுவது. ராத்திரி வேண்டாம், விடியட்டும். பேச்சைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள், பயன்படாது. நான் காலை ஏழு மணிக்குப் போட்டேன்.

“அம்மா, கொல்லையில இருந்த ஆட்டுக்கல்ல வித்தேனே, ஞாபகம் இருக்கா?”

“ஆமா. எங்கம்மா சீராக் கொடுத்தது. அதுக்கென்ன இப்ப?”

“இல்ல… உன்னக் கேக்காம வித்துட்டேன். சாரிம்மா.”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பின்னால் குக்கர் ஒரு விசில் விட்டது.

“குழவிய அவன் எடுத்துட்டுப் போகலடா. கொல்லைக் கதவு காத்துல அடிக்குதுன்னு அதத்தான் முட்டுக் கொடுத்து வெச்சிருக்கேன். போன தடவை வந்தப்ப இருட்டுல கால்ல இடிச்சுக்கிட்டு ஊரக் கூட்டினியே, அதுதான் அது.”

வலது கால் சுண்டுவிரல் நகம் இன்னும் முழுசாக வளரவில்லை.